காற்பந்துக் குழு வைத்திருப்பவர்கள் முகநூலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் காலியாகி, ஜனங்கள் தாமான் குடியிருப்புகளுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. பழைய தோட்டத்தின் பெயரை இன்று பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் பார்க்கலாம்: கோயில் திருவிழா நோட்டீசிலும் எழுவர் காற்பந்துக் குழுவின் ஜெர்சியிலும். அந்தக் குழுக்களுக்குக் காசு போடுகிறவர்கள் நம் ஆட்கள்தான். லாரி வைத்திருப்பவர், கேட்டரிங் நடத்துபவர், பழைய இரும்பு வியாபாரி. அவர்கள் இல்லையென்றால் சாயங்காலம் திடலில் பையன்களும் இல்லை. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாகக் குழு எடுப்பவர்கள் ஜெர்சி தைக்கக் கொடுத்த கையோடு முகநூல் பக்கம் திறக்கிறார்கள். நாங்கள் குழு நடத்த ஆரம்பித்த காலத்தில் நடந்த அதே தவறுகள் அங்கே மறுபடி நடக்கின்றன. மேலாளராக இருந்துகொண்டு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. எழுத்துப் பிழை, மங்கலான படம், எதிரணியின் பெயரைத் தப்பாகப் போடுவது, இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோற்ற இரவில் எழுதுவது

எழுதாதீர்கள். மறுநாள் காலை பசியாறிவிட்டு எழுதுங்கள்.

நடுவரைத் திட்டுவது

2009 இல் டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்துக் குழுவின் உரிமையாளர் மார்க் கியூபன் நடுவர்களைக் குறை சொல்லி ட்விட்டரில் எழுதினார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அவருக்கு 25,000 டாலர் அபராதம் போட்டது. 2024 ஏப்ரலில் எவர்ட்டனிடம் தோற்றதும், காணொளி உதவி நடுவர் தங்களோடு போட்டியில் இருந்த லூட்டன் குழுவின் ரசிகர் என்று நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் தன் பக்கத்திலேயே எழுதியது. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் விதித்த அபராதம் 750,000 பவுண்டு.

நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கப்போவதில்லை. ஆனால் நம் வட்டாரத்தில் விசில் ஊத வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். இன்று நீங்கள் திருடன் என்று எழுதிய மனிதர்தான் அடுத்த வாரமும் உங்கள் ஆட்டத்துக்கு வருவார். வராமலே போனால் இன்னும் மோசம். ஆட்சேபக் கட்டணம் கட்டி எழுத்தில் புகார் கொடுக்கப் பெரும்பாலான போட்டிகளில் வழி இருக்கிறது. அதில் போங்கள்.

சொந்த ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி எழுதுவது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து ஊர்க் குழு ஒன்று அரையிறுதியில் பெனால்டியில் தோற்றது. கோல்கீப்பருக்கு 19 வயது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, சரியாகத் தூங்காமல் திடலுக்கு வந்தவன். கடைசிப் பந்து அவன் கைக்கு அடியில் நழுவி உள்ளே போனது. அன்று இரவு உரிமையாளர் குழுவின் பக்கத்தில் அவன் படத்தைப் போட்டு, பெயரையும் போட்டு, "இந்தப் பந்தைப் பிடிக்கத் தெரியாதா? எவ்வளவு வாங்கினாய்?" என்று எழுதினார்.

அந்த இரண்டாவது கேள்விதான் விஷம். 1994 ஆட்ட நிர்ணய ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் சிக்கிய நாடு இது. இங்கே ஒரு கோல்கீப்பரிடம் அப்படிக் கேட்டால் யாரும் அதை வெறும் கோபப் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆதாரம் இல்லாமல் எழுதினால் அவதூறு வழக்குக்கும் இடம் உண்டு. அதற்கென்றே 1957 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

பதிவு அன்று இரவே புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. பையனின் அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறார். காலையில் ஒருவர் போனை நீட்டி, "அக்கா, இது உங்க மகன்தானே?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அந்தக் குழு மேலாளர் வீட்டுக் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. துவைத்து மடித்த ஜெர்சி, காலுறை, உரிமையாளர் வாங்கிக் கொடுத்த கீப்பர் கையுறை. ஒரு சீட்டுகூட இல்லை.

போனது அவன் மட்டும் இல்லை. தோட்டத்துக் குழுவில் மூன்று, நான்கு பேர் ஒரே குடும்பமாக இருப்பார்கள். அவன் சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவன் தற்காப்பில் தூண், இன்னொருவன் வலது பக்கம் ஓடுகிறவன். திடலில் புல் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த மாமா அதையும் நிறுத்தினார். அடுத்த போட்டிக்கு அந்தக் குழுவில் ஏழு பேர் தேறவில்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் ஏன் என்றால், அந்த உரிமையாளர் நல்ல மனிதர். அதே பையன் மோட்டாரில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். பிறகு நேரில் போய், "ஏதோ கோபத்தில எழுதிட்டேன் தம்பி" என்றார். "பரவாயில்லைங்க பாஸ்" என்றான் பையன். திடலுக்கு வரவில்லை. இத்தனை வருடம் செய்த நல்லதெல்லாம் ஊர் வாயில் இல்லை. அந்த ஒரு பதிவுதான் இருக்கிறது.

"நான்தானே காசு போடுகிறேன், கேட்க எனக்கு உரிமை இல்லையா?" என்று புதியவர்கள் கேட்கிறார்கள். உரிமை இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவனும் பதில் சொல்வான். சில சமயம் அந்தப் பதிலில் நியாயமும் இருக்கும். முகநூலில் கேட்டால் அவன் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் திமிர் என்பார்கள், திறக்காவிட்டால் குற்றம் உண்மை என்பார்கள்.

பாராட்டிலும் இந்த ஆபத்து உண்டு. 2017 இல் சிஎஸ்கே தடையில் இருந்தபோது தோனி புனே குழுவுக்கு ஆடினார். மும்பைக்கு எதிராக ஸ்மித் 84 ஓட்டம் எடுத்து ஜெயித்துக் கொடுத்ததும், குழு உரிமையாளரின் அண்ணன் ஹர்ஷ் கோயங்கா ஸ்மித்தைப் புகழ்ந்து ட்விட்டரில் எழுதினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஸ்மித் தோனியை அப்படியே மறைத்துவிட்டார் என்று ஒரு வரி சேர்த்தார். நம் ஊர் வரைக்கும் கோபம் வந்தது, நினைவிருக்கும். அதே மாதம் ஹைதராபாத்துக்கு எதிராக 34 பந்தில் 61 அடித்து, கடைசிப் பந்தில் தோனி ஜெயித்துக் கொடுத்தார். தோனிக்கு மட்டையால் பதில் சொல்ல அடுத்த ஆட்டம் இருந்தது. நம் பையனுக்கு அது கிடைக்கவில்லை. தோனிக்காக அன்று பொங்கியவர்களே இன்று தங்கள் குழுப் பையனைப் பற்றி இப்படி எழுதும்போது எனக்குத் தாங்கவில்லை.

அழித்துவிட்டால் போயிற்று என்று நினைப்பது

போகாது. 2019 இல் ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் பொது மேலாளர் டேரில் மோரி ஹாங்காங் போராட்டக்காரர்களை ஆதரித்துப் போட்ட ட்விட்டைச் சீக்கிரமே அழித்தார். அப்படியும் சீன அரசுத் தொலைக்காட்சி என்பிஏ ஆட்டங்களை நிறுத்தியது.

கருத்துகளைக் கவனிக்காமல் விடுவது

கம்பத்துக் குழுவோடு, அதாவது மலாய் கிராமத்துக் குழுவோடு ஆட்டம். உங்கள் பதிவில் தப்பு ஒன்றும் இல்லை. கீழே யாரோ ஒருவர் இனத்தை இழுக்கிறார், இன்னொருவர் மதத்தை இழுக்கிறார். நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள். "நான் எழுதவில்லையே" என்று பிறகு சொல்லிப் பயன் இல்லை. 2012 இல் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 114ஏ பிரிவின்படி, பக்கத்தின் உரிமையாளராக, நிர்வாகியாக உங்கள் பெயர் இருந்தால் வெளியிட்டவர் நீங்கள் என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. 2021 பிப்ரவரியில் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக 500,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டதும் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகத்தான். சூடான ஆட்டம் என்றால் அன்று இரவு கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள்.

வாக்குறுதி கொடுப்பது

"கிண்ணம் வந்தால் ஆளுக்கு 300 வெள்ளி" என்று பக்கத்தில் போட்டால் அது கடன். கிண்ணம் வந்த அன்றே கொடுத்துவிட முடியும் என்றால் மட்டும் போடுங்கள்.

நுழைவுச்சொல்லை ஒரே ஆளிடம் விடுவது

பக்கம் திறந்து கொடுத்த பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான். போன் மாற்றுவான், எண் மாற்றுவான். அப்புறம் பக்கம் யார் கையிலும் இல்லை. எப்போதும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். உரிமையாளரின் போனில் அந்த அனுமதியே வேண்டாம் என்பது என் கருத்து. சொல்ல வேண்டியதை மேலாளருக்கு அனுப்பட்டும். மேலாளர் படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.