மேப்பிள் கொட்டகை ஆர்ஓ: மெம்பரேனைக் கழுவுவதும் மாற்றுவதும்

கனடாவில், ஒன்டாரியோவின் லனார்க் பக்கம் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் மேப்பிள் மரங்களில் சாறு ஓடத் தொடங்கும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 66 சதவீதப் பாகாக்க வேண்டுமானால், ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 43 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும். ஆர்ஓவில் விட்டு 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் 11 லிட்டர் போதும். வீட்டு ஆர்ஓவில் சுத்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிறோம். இங்கே அந்த மிச்சம்தான் சரக்கு. பிரிந்து வரும் சுத்தத் தண்ணீருக்கு பெர்மியேட் என்று பெயர். அதையும் கொட்டிவிடாதீர்கள், மெம்பரேனை, அதாவது சர்க்கரையைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வைக் கழுவ அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது. குளோரின் மெம்பரேனை அரித்துவிடும், அப்புறம் எந்தக் கழுவலாலும் அதை மீட்க முடியாது.

நல்ல மெம்பரேனைத் தூக்கிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், செத்துப்போனதை வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரிடமும் இல்லாதது ஒரு கணக்கு நோட்டு. சீசன் தொடங்கும்போது, சாறு ஏற்றுவதற்கு முன்னால், வெறும் பெர்மியேட்டை உள்ளே ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் மெம்பரேனைத் தாண்டி வெளியே வருகிறது என்று அளந்து எழுதுங்கள். கூடவே பிரஷரையும் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுத வேண்டும். வெப்பநிலை இல்லாத அளவுக்கு மதிப்பே கிடையாது. ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். 13 டிகிரியில் 10 லிட்டர் விட்ட மெம்பரேன், அதே பிரஷரில், 5 டிகிரியில் 8 லிட்டர்தான் விடும். அதைப் பார்த்து அழுக்கு அடைத்துவிட்டது என்று சோப்பு எடுக்கக் கூடாது. அது வெறும் குளிர்தான்.

தினசரி வேலை எளிது. ஓட்டி முடித்ததும் பெர்மியேட்டால் அலசுங்கள். உள்ளே சாறு தங்கிவிட்டால் பாக்டீரியாவுக்கு விருந்துதான். மெம்பரேனுக்குப் போகுமுன் சாற்றை வடிகட்டும் ஐந்து மைக்ரான் பிரீஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜ்களைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் செய்தால் மெம்பரேன்தான் விலை கொடுக்கும்.

அலசியும் ஓட்டம் பழைய அளவுக்கு வரவில்லை என்றால்தான் சோப்புக் கழுவல். பெர்மியேட்டை 40 டிகிரி வாக்கில் சூடாக்கி, மெம்பரேன் தயாரிப்பாளர் சொன்ன அளவு காரச் சோப்பைக் கலந்து, குறைந்த பிரஷரில் சுற்ற விடுங்கள். சூட்டிலும் பிஹெச்சிலும் அவர்கள் போட்டிருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். முதலில் வரும் பழுப்பு நீரைச் சுற்ற விடாமல் வெளியே விட்டுவிடுவது என் வழக்கம், அழுக்கை மறுபடி உள்ளே அனுப்புவானேன்? முடிந்ததும் தாராளமாக அலசுங்கள். வெளியே வரும் நீரின் பிஹெச்சும் சுத்தப் பெர்மியேட்டின் பிஹெச்சும் ஒன்றாகும் வரை நிறுத்தாதீர்கள். பாகில் சோப்பு வாடை வந்தால் அந்தத் தொகுதியே போச்சு.

சோப்பு எடுப்பது உயிர்ப்பொருள் அழுக்கை. தாதுப் படிவுக்கு சிட்ரிக் அமிலம் வேண்டும். சோப்பு முதலில், அமிலம் பிறகு, நடுவில் முழு அலசல். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஏப்ரலில் சாறு கலங்கி மஞ்சளாகும்போது அடைப்பு வேகமாக ஏறும். அப்போது அடிக்கடி கழுவ வேண்டியிருப்பது இயல்புதான்.

மாற்றுவது எப்போது? சோப்பும் அமிலமும் பார்த்த பிறகும், வெப்பநிலையைச் சரிக்கட்டிப் பார்த்தால் ஓட்டம் முதல் அளவில் முக்கால் பங்குக்குக் கீழே நின்றால் நான் புதிது வாங்கச் சொல்வேன். இன்னொரு காரணம் கசிவு. பெர்மியேட்டில் இரண்டு சொட்டை, சர்க்கரை அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். சர்க்கரை காட்டினால் உடனே மெம்பரேனைக் குற்றம் சொல்லாமல், முதலில் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். பத்துக் காசு ரப்பர் வெட்டுப்பட்டிருந்தாலும் சாறு அந்தப் பக்கம் போய்விடும்.

புதிதை வாங்கும்போது அளவு மட்டும் பொருந்தினால் போதாது, வகையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, பிரஷர் முழுக்க இறங்கியதை கேஜில் உறுதி செய்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பழையதை உருவுமுன் சாறு எந்தப் பக்கம் நுழைகிறது என்று மெம்பரேன் உட்காரும் குழலான ஹவுசிங்கில் மார்க்கரால் அம்புக்குறி போடுங்கள். புதிய மெம்பரேனின் ஒரு முனையில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், அதுதான் பிரைன் சீல். விரலால் தடவினால் அதன் உதடு ஒரு பக்கமாக விரிந்திருப்பது தெரியும். அந்த விரிந்த வாய் சாறு வரும் திசையைப் பார்க்க வேண்டும்; பிரஷர் அதை விரித்து ஹவுசிங் சுவரோடு அழுத்தும். திருப்பிப் போட்டால் உதடு மடங்கி, சாறு மெம்பரேனுக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஓடும். மெம்பரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சீலுக்கும் ஓ-ரிங்குக்கும் உணவுத்தர கிளிசரின் தடவுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். லேசாகத் திருகியபடி உள்ளே தள்ளுங்கள், சுத்தியலால் தட்ட வேண்டாம்.

மெம்பரேன் பாதுகாப்பு ரசாயனத்தில் ஊறி வரும். அதனால் பெர்மியேட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் வருவதை ஒரு மணி நேரமாவது வடிகாலுக்கே விடுங்கள். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போதும் கழுவி, காயவிடாமல், பெர்மியேட்டும் தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்பு மருந்தும் ஊற்றிய மூடிய குழலில் வையுங்கள். உறைபனி படும் இடத்தில் வைத்தால் அது உறைந்து கிழிந்துவிடும்.

புதிதின் சுத்த ஓட்டத்தை அளந்து நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு சாறு ஏற்றி, முதல் அரை மணி நேரத்துக்குள் பெர்மியேட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் வழக்கமான பிரஷருக்கு மெதுவாக ஏற்றலாம்.