ஒரு மரபணுவைப் பென்சிலால் படித்துப் பார்ப்போம்

டிஎன்ஏ, ஆர்என்ஏ, ரைபோசோம், புரதம் என்று பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்து மரபியல் கற்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒரு மரபணுவையாவது கையால் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு பெயர்கள் தானாகவே மனதில் நிற்கும்.

ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அழிப்பான் போதும். நாம் எடுத்துக்கொள்வது நிஜ மரபணு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. பீட்டா சங்கிலியின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் புரதத்துக்கான செய்தி தொடங்கும் இடத்திலிருந்து முதல் 24 எழுத்துகள் மட்டும் நமக்குப் போதும்.

படி 1: வார்ப்புரு இழையை எழுதுங்கள்

டிஏசி சிஏசி ஜிடிஏ ஜிஏசி டிஜிஏ ஜிஜிஏ சிடிசி சிடிசி

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன இரட்டை இழை. நாம் எழுதியது அதில் நகல் எடுக்கப்படும் இழை, அதனால்தான் அதற்கு வார்ப்புரு என்று பெயர். ஒரு பக்கம் ஏ இருந்தால் எதிர்ப்பக்கம் டி, ஒரு பக்கம் ஜி இருந்தால் எதிர்ப்பக்கம் சி. இந்த ஜோடி விதிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று மூன்றாக இடைவெளி விட்டது நம் வசதிக்காகத்தான், செல்லுக்குள் அப்படி எந்த இடைவெளியும் கிடையாது.

படி 2: படியெடுங்கள்

ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே அதன் ஜோடியை எழுதுங்கள். ஒரு சின்ன மாற்றம்: நகலாகக் கிடைக்கும் ஆர்என்ஏவில் டி கிடையாது, அதன் இடத்தில் யூ வரும். அதாவது மேலே ஏ இருந்தால் கீழே யூ. கிடைப்பது இது:

ஏயூஜி ஜியூஜி சிஏயூ சியூஜி ஏசியூ சிசியூ ஜிஏஜி ஜிஏஜி

இதுதான் எம்ஆர்என்ஏ, அதாவது செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ. டிஎன்ஏ உட்கருவிலேயே பத்திரமாக இருக்க, இந்த நகல் மட்டும் வெளியே போகிறது. (நிஜத்தில் இந்த மரபணுவின் நடுவே புரதத்துக்குத் தேவையில்லாத இரண்டு பகுதிகள் உண்டு, நகல் வெளியே போகும் முன் அவை வெட்டி எடுக்கப்படும். நம் 24 எழுத்துகளுக்குள் அவை வரவில்லை.)

படி 3: மொழிபெயருங்கள்

மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு கோடான். நான்கு எழுத்துகளை மும்மூன்றாக அடுக்கினால் மொத்தம் 64 கோடான்கள் வரும். 61 கோடான்கள் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, யூஏஏ, யூஏஜி, யூஜிஏ மூன்றும் ‘இங்கே நிறுத்து’ என்கின்றன. இந்த அகராதியை மனிதர்கள் கண்டுபிடித்த விதமே தனி அழகு. 1961இல் நிரென்பர்க்கும் மத்தேயும் யூ மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைச் சோதனைக் குழாயில் போட, ஃபினைல்அலனின் மட்டுமே கோத்த சங்கிலி வந்தது. அப்புறம் ஹர் கோவிந்த் கொரானா எழுத்துகளை விரும்பிய வரிசையில் கோத்து ஆர்என்ஏக்களைச் செய்து, மீதிச் சொற்களுக்குப் பொருள் காண உதவினார். 1968இல் நிரென்பர்க், கொரானா, ஹாலி மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நமக்கு வேண்டிய சொற்கள்: ஏயூஜி என்றால் மெத்தியோனின், தொடக்கக் குறியும் இதுவே. ஜியூஜி வேலின், சிஏயூ ஹிஸ்டிடின், சியூஜி லியூசின், ஏசியூ திரியோனின், சிசியூ புரோலின், ஜிஏஜி குளுடாமிக் அமிலம். வரிசையாக எழுதுங்கள். நீங்கள் இப்போது செய்ததைத்தான் செல்லுக்குள் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோம் செய்கிறது. ஒவ்வொரு கோடானுக்கும் பொருந்தும் டிஆர்என்ஏ என்ற சின்ன ஆர்என்ஏ தன் அமினோ அமிலத்தைச் சுமந்து வர, ரைபோசோம் அதைச் சங்கிலியில் கோத்துவிட்டு மூன்று எழுத்து நகர்கிறது. முதலில் வந்த மெத்தியோனின் பிறகு நீக்கப்பட்டுவிடும், முழு பீட்டா சங்கிலியில் மிச்சம் 146 அமினோ அமிலங்கள்.

படி 4: இப்போது அழிப்பானை எடுங்கள்

முதல் ஜிஏஜியில் நடு எழுத்தை அழித்து யூ போடுங்கள். ஜியூஜி ஆகிவிட்டது, அதாவது குளுடாமிக் அமிலம் இருந்த இடத்தில் வேலின். அவ்வளவுதான் மாற்றம். இரு பெற்றோரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால் கதிர் அரிவாள் ரத்தசோகை. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகி, சிவப்பணுவை வளைத்து விறைப்பாக்குகின்றன, அவை நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ள, தாங்க முடியாத வலி வருகிறது. ஒரே ஓர் எழுத்து! இதை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

சரி, அதைப் பழையபடி திருத்திவிட்டு, இரண்டாம் கோடானின் முதல் ஜியை அடியோடு நீக்குங்கள். மீதி எழுத்துகளை நகர்த்தி மறுபடி மூன்றாகப் பிரித்தால் ஏயூஜி, யூஜிசி, ஏயூசி, யூஜிஏ. நான்காவதே நிறுத்தக் குறி! புரதம் மூன்று அமினோ அமிலத்தோடு முடிந்துவிட்டது. எழுத்து மாறுவதைவிட எழுத்து விடுபடுவது ஏன் பெரும்பாலும் அதிகம் கெடுக்கிறது என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

படி 5: உயிர்த்தொழில்நுட்பம் எங்கே நுழைகிறது

பாக்டீரியாவும் நாம் படித்த அதே அகராதியைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் மனித இன்சுலினுக்கான டிஎன்ஏவைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் ஒட்டி பாக்டீரியாவுக்குள் விட்டால், அது இன்சுலினுக்கான சங்கிலிகளைச் செய்து கொடுக்கும். 1978இல் ஆய்வகத்தில் இது நடந்தது, 1982இல் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. பிளாஸ்மிட்டை வெட்டும் நொதிகளும் எழுத்துகளைப் படித்துத்தான் வெட்டுகின்றன. ஈகோஆர்1 என்ற நொதி ஜிஏஏடிடிசி என்ற ஆறு எழுத்து இருக்கும் இடத்தில் வெட்டும்.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் என்ற முறையும் அப்படித்தான். சுமார் 20 எழுத்து நீளமுள்ள ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ, படி 1இன் ஜோடி விதிப்படியே தன் இடத்தைத் தேடிப் பிடிக்க, கேஸ்9 என்ற நொதி அங்கே வெட்டுகிறது. 2023இல் கதிர் அரிவாள் நோய்க்கு ஒப்புதல் பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை, நாம் அழித்தெழுதிய அந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. பிறந்த பிறகு அணைந்துவிடும் கருநிலை ஹீமோகுளோபினை மறுபடி உருவாக்கவைக்கிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது.

கடைசியாக ஒரு பயிற்சி. ஜிஏஜியில் ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒன்பது சொற்கள் எழுதலாம், எழுதுங்கள். ஒன்று எதையும் மாற்றாது (ஜிஏஏ), ஒன்று புரதத்தை நிறுத்திவிடும் (யூஏஜி). ஏஏஜி வந்தால் லைசின், முதல் ஜிஏஜியில் அது நிஜமாகவே நடப்பதுண்டு, அதற்கு ஹீமோகுளோபின் சி என்று பெயர். மீதி ஆறும் உங்கள் பொறுப்பு.