மார்பக இம்ப்ளாண்ட் இறங்கி அமரும் காலம்: முதல் வாரத்திலிருந்து ஆறாம் மாதம் வரை

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டைப் பிரித்ததும் பெரும்பாலான பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு மேலே ஏறி நிற்கிறது?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். மேல்பாதி புடைத்திருக்கும். கீழ்ப்பாதி தட்டையாக இருக்கும். தோல் இழுபட்டுப் பளபளக்கும். தொட்டால் பலகைபோல் விறைப்பாக இருக்கும். அது முடிவான வடிவம் அன்று. இம்ப்ளாண்ட், அதாவது மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை, தன் இடத்துக்கு இறங்கி அமர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் எதைச் செய்வது, எதை விடுவது, எதற்குப் பயப்படுவது என்று தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வைத்தது வழவழப்பான மேற்பரப்புள்ள உருண்டை சிலிகான் இம்ப்ளாண்ட். மார்புத் தசைக்கு அடியில், மார்பின் அடிமடிப்பில் கீறி வைத்தார்கள். உங்களுடையது வேறாக இருந்தால் கால அளவும் கொஞ்சம் மாறும். நான் எழுதியிருப்பதும் உங்கள் மருத்துவர் சொன்னதும் முரண்பட்டால், அவர் சொல்வதையே கேளுங்கள். உள்ளே பார்த்தவர் அவர்தான்.

முதலில், ஏன் மேலே நிற்கிறது?

காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தசைக்கு அடியில் இடம் உண்டாக்கி இம்ப்ளாண்டை நுழைக்கும்போது மார்புத் தசை திடீரென இழுபடுகிறது. அது இறுகிக்கொண்டு இம்ப்ளாண்டை மேல்நோக்கியும் உள்நோக்கியும் தள்ளுகிறது. கீழ்ப்பகுதித் தோலும் திசுவும் இன்னும் விரியாததால் அது இறங்க அங்கே இடமில்லை. இவற்றோடு வீக்கமும் சேர்ந்துகொள்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக மாறும். வீக்கத்தின் பெரும்பகுதி முதல் 6 வாரங்களில் வடியும். தசை மெல்லத் தளரும். கீழ்த்தோல் இம்ப்ளாண்டின் எடைக்கு இசைந்து விரியும். மேலே இருந்த புடைப்பு குறைந்து கீழ்ப்பாதி நிரம்பும். இதற்கிடையில் உடல் இம்ப்ளாண்டைச் சுற்றி மெல்லிய திசு உறை ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அது எல்லோருக்கும் இயல்பாக நடப்பது. மொத்தத்தில், 3 மாதங்களில் வடிவம் புலப்படும். 6 மாதங்களில் ஏறக்குறைய நிலைபெறும். சிலருக்கு ஓர் ஆண்டு வரையிலும் சிறு மாற்றங்கள் தொடரும். தசைக்கு மேலே வைத்தவர்களுக்கு இது விரைவாக நடக்கும். தோல் இறுக்கமாக இருப்பவர்களுக்கும், குழந்தை பெறாதவர்களுக்கும் பொதுவாக மெதுவாக நடக்கும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளாண்டுகள் திசுவைப் பற்றிக்கொள்வதால் அவை அதிகம் இறங்குவதில்லை.

படி 1: முதல் வாரம்

முதுகைச் சாய்த்து, 30 முதல் 45 பாகை உயரத்தில் படுங்கள். மூன்று நான்கு தலையணைகளை அடுக்கினால் நள்ளிரவில் சரிந்துவிடும். சாய்வு நாற்காலியோ ஆப்பு வடிவ மெத்தைத் தலையணையோ கிடைத்தால் மிகவும் நல்லது. வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு தேடாமல், எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போடுங்கள். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கலைத் தரும். முக்கும்போது நெஞ்சு முழுவதும் இழுக்கும். தண்ணீர், கீரை, பழம் எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். அவை போதாவிட்டால் இசப்கோல் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை சிகிச்சையன்றே வீட்டுக்குள் மெல்ல நடக்கத் தொடங்குங்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். புகை பிடிப்பவர்கள் இந்தக் காலம் முழுவதும் கட்டாயம் விட்டிருக்க வேண்டும். காயம் ஆறுவதை அது நேரடியாகக் கெடுக்கும்.

காலையில் எழும்போது இறுக்கம் மிக அதிகமாக இருக்கும். பகலில் தளரும். இது பல வாரங்கள் நீடிக்கும்.

படி 2: பிராவும் பட்டையும்

முன்பக்கம் ஜிப் அல்லது கொக்கி உள்ள, கம்பி இல்லாத மென்மையான பிரா போதும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: விலை உயர்ந்த ஒன்றைவிடப் பருத்தி கலந்த சாதாரணமான இரண்டு மேல். நம் ஊர் வியர்வையில் தினமும் துவைத்து மாற்ற வேண்டியிருக்கும். அடிமடிப்பில் கீறல் உள்ளவர்கள், பிராவின் அடிப்பட்டை தையல்மேல் உட்காராத அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வைத்த பிராவைக் குறைந்தது 6 வாரங்களுக்குத் தொடாதீர்கள். நான் அதற்குப் பிறகும் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பின்பே போட்டேன்.

சிலருக்கு மார்பின் மேல்விளிம்பில் கட்டிக்கொள்ள ஒரு மீள்பட்டை கொடுப்பார்கள். அது இம்ப்ளாண்டை மெல்லக் கீழ்நோக்கி அழுத்தும். கொடுத்திருந்தால் கட்டுங்கள். கொடுக்கவில்லை என்றால் நீங்களாக வாங்கிக் கட்டாதீர்கள். சரியான உயரத்தில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் இம்ப்ளாண்டை அது தேவைக்கு மேல் இறக்கிவிடக்கூடும்.

படி 3: கைகளைக் கட்டுப்படுத்துவது

முதல் சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் அளவோடு நிறுத்துங்கள். முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம். தமிழ் வீட்டில் இதன் பொருள்: தண்ணீர்க் குடம் இல்லை, கிரைண்டர் கல்லை எடுப்பது இல்லை, நிரம்பிய குக்கர் இல்லை, பரணிலிருந்து எதையும் இறக்குவது இல்லை, ஈரப் போர்வை பிழிவது இல்லை, குழந்தையை இடுப்பில் தூக்குவது இல்லை. சப்பாத்தி தேய்ப்பதும் தேங்காய் துருவுவதும் கனமான வேலையாகத் தோன்றாது. ஆனால் இரண்டும் மார்புத் தசையைத்தான் பிடிக்கின்றன. அன்றாடம் எடுக்கும் பாத்திரங்களை அறுவை சிகிச்சைக்கு முன்பே இடுப்பு உயரத்துக்கு மாற்றி வையுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டிகளை எடுத்து வையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் இந்தச் சிகிச்சையை வீட்டாருக்குத் தெரியாமல் செய்துகொள்கிறார்கள். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதை இலவசமாகச் செய்யலாம் என்ற செய்தி வந்தபோது, ஏழைப் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெண்கள் மறைக்கிறார்கள். மறைத்தால் அடுத்த வாரமே மாமியார், "அந்த அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தும்மா" என்பார். மறுக்கக் காரணம் இருக்காது. முழு உண்மையையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. "நெஞ்சுப் பகுதியில் ஒரு சின்ன ஆபரேஷன், ஆறு வாரம் எதையும் தூக்கக்கூடாது" என்று சொன்னால் போதும். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது முழுதும் தெரிந்திருக்க வேண்டும். இரவில் திடீரென வீங்கினால் ஆட்டோ பிடிக்க ஆள் வேண்டும்.

படி 4: இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்காது

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். வீக்கமும் வலியும் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் இறங்கிவிட்டு மறுபக்கம் பிடிவாதமாக மேலேயே நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இடது முந்திக்கொண்டது. வலது அப்படியே நின்றது. ஏதோ கோளாறு என்றே நம்பினேன்.

மருத்துவர் விளக்கிய பிறகு புரிந்தது. நான் வலக்கைக்காரி. அதிகம் உழைக்கும் கையின் பக்கம் மார்புத் தசை வலுவாக இருக்கும், அதன் பிடியும் மெதுவாகத் தளரும். இதுபோகப் பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு மார்பகங்களும் முதலிலிருந்தே சமம் அல்ல. அடிமடிப்பின் உயரம், விலா எலும்பின் வளைவு, தோலின் தளர்ச்சி எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தை ஒரு முறை பாருங்கள். இப்போது உறுத்தும் வேறுபாட்டின் ஒரு பகுதி அதிலேயே இருக்கும்.

இதைக் கவனிக்க நான் வைத்துக்கொண்ட முறை:

வாரத்துக்கு ஒரு முறை மட்டும் படம் எடுங்கள். தினமும் எடுத்தால் மாற்றம் தெரியாது, கவலைதான் வளரும். ஒரே நேரம், ஒரே சன்னல் வெளிச்சம், கைகள் பக்கவாட்டில் தளர்ந்திருக்க வேண்டும். நேராக ஒன்று, இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. கைப்பேசியைக் கையில் பிடித்து எடுத்தால் பிடிக்கும் பக்கத்துத் தோள் உயர்ந்துவிடும், மார்பும் உயர்ந்து தெரியும். ஸ்டாண்டு வைத்து டைமரில் எடுப்பது ஒன்றே சரி. படங்கள் தானாக இணையத்தில் சேமிக்கப்படும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தையல்காரர் வைத்திருக்கும் டேப்பால் இரண்டு அளவுகளைக் குறியுங்கள். ஒன்று, கழுத்துக் குழியிலிருந்து முலைக்காம்பு வரை. மற்றொன்று, முலைக்காம்பிலிருந்து அடிமடிப்பு வரை. தையல் ஆறும் வரை இரண்டாவதை விட்டுவிடலாம். இம்ப்ளாண்ட் இறங்க இறங்கக் கீழ்த்தோல் விரிவதால் இந்த இரண்டாவது அளவு கொஞ்சம் கூடும். பிறகு நிற்க வேண்டும். நிற்காமல் கூடிக்கொண்டே போய், தழும்பு மடிப்பை விட்டு மார்பின்மேல் ஏறி, காம்பு மேல்நோக்கித் திரும்பினால், இம்ப்ளாண்ட் அளவுக்கு மீறி இறங்குகிறது என்று பொருள். அப்போது அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள். "ஏதோ மாதிரி இருக்கிறது" என்பதைவிட ஒரு தாளில் எழுதிய எண்கள் அவருக்குப் பயன்படும்.

மூன்று மாதம் ஆகும் வரை, சிறிய உயர வேறுபாட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

படி 5: மசாஜ்

வீடியோக்களைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள். வழவழப்பான உருண்டை இம்ப்ளாண்டுக்குச் சில மருத்துவர்கள் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. சொரசொரப்பான மேற்பரப்புக்கும் கண்ணீர்த்துளி வடிவத்துக்கும் மசாஜ் கூடாது. துளி வடிவம் உள்ளே திரும்பிவிட்டால் மார்பின் வடிவமே கோணலாகும். உங்களுக்குச் சொல்லியிருந்தால், எந்தத் திசையில், எவ்வளவு அழுத்தத்தில் என்று மருத்துவரையே கைவைத்துக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இடையில் வரும் விசித்திர உணர்வுகள்

திடீரென மின்னல்போல் ஒரு சுரீர். காம்பில் மரத்துப்போதல் அல்லது தாங்க முடியாத கூச்சம். குனிந்தால் களகளவென ஒரு சத்தம். நரம்புகள் மீள்வதாலும், உள்ளே சிறிது காற்றும் நீரும் தங்கியிருப்பதாலும் இவை வருகின்றன. சத்தம் சில வாரங்களில் போகும். உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகும்.

இவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது

ஒரு பக்கம் மட்டும் சட்டென வீங்கி, இறுகி, வலி ஏறினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். முதல் ஓரிரு நாட்களில் இது அதிகம். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலில் சீழ் ஆகியவை தொற்றின் அடையாளம். கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் நேரே அவசரப் பிரிவுதான்.

தாமதமாக வருபவை வேறு. மென்மையாகிவிட்ட மார்பு மாதங்கள் கழித்து மறுபடி இறுகி, உருண்டு, மேலேறினால் சுற்றியுள்ள உறை சுருங்குகிறது என்று பொருள். அறுவை சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆன பிறகு ஒரு பக்கம் புதிதாக நீர் கோத்து வீங்கினாலும் பரிசோதனை வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்போடு தொடர்புடைய அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் அப்படித்தான் பெரும்பாலும் வெளிப்படுகிறது. அதன் காரணமாகவே 2019-இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை இம்ப்ளாண்டுகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஸ்கூட்டர் ஓட்டுவது பற்றிப் பலர் கேட்டார்கள். பிரேக் பிடிக்கும்போதும் வண்டியை ஸ்டாண்டு போடும்போதும் மார்புத் தசைதான் இழுபடுகிறது. மயக்கம் தரும் வலி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், தயக்கமின்றித் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் முடிய வேண்டும். காரைவிட ஸ்கூட்டருக்குக் கூடுதல் காலம் விடுங்கள். பின்னால் உட்கார்ந்து போவதாக இருந்தாலும் குண்டும் குழியுமான சாலையைத் தவிருங்கள்.

கும்பிடும்போது மார்பு நெளிகிறது என்று ஒருவர் பயந்து எழுதியிருந்தார். உள்ளங்கைகளைச் சேர்த்து அழுத்தும்போது தசை இறுகி, அடியிலிருக்கும் இம்ப்ளாண்டை அசைக்கிறது. தசைக்கு அடியில் வைத்தவர்கள் பலருக்கும் ஓரளவு இது இருக்கும். தண்டால் போன்ற மார்புப் பயிற்சிகளை 6 முதல் 8 வாரங்கள் கழித்து, அனுமதி பெற்றே தொடங்குங்கள்.

பக்கவாட்டில் எப்போது படுக்கலாம் என்பது இன்னொரு கேள்வி. பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்குப் பிறகு அனுமதிக்கிறார்கள். குப்புறப் படுப்பதற்கு இன்னும் காலம் வேண்டும்.

கல்யாணத்துக்காகப் பட்டுப்புடவை ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போவதாக ஒருவர் சொன்னார். ஆறாம் மாதத்துக்கு முன் அளவு கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் தையல்காரரிடம் பக்கங்களில் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடல் சுற்றளவு பெரிதாக மாறாவிட்டாலும் டார்ட் விழும் இடம் கீழிறங்கும்.

மருத்துவமனையில் கொடுக்கும் இம்ப்ளாண்ட் அட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். வகை, அளவு, வரிசை எண் எல்லாம் அதில்தான் இருக்கும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒரு நகலை ஆதார் அட்டையோடு வையுங்கள். சிலிகான் இம்ப்ளாண்ட் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால் 5 அல்லது 6 ஆண்டுகளில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகும்போதும் படம் எடுப்பவரிடம் இம்ப்ளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லி, அந்த அட்டையைக் காட்டுங்கள்.