பதக்கத்தைத் தேய்க்காதீர்கள்: படைவீரர் நினைவுப் பெட்டியில் நேரும் தவறுகள்

குடும்பத்தில் ஒருவர் படையில் பணியாற்றி விட்டுச்சென்ற பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது என்று முடிவானதும், பலரும் முதலில் தேடுவது பித்தளை பாலிஷை. கெடுதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாலிஷில் இருப்பது நுண்ணிய தேய்ப்புப் பொடி. தேய்க்கத் தேய்க்க உலோகமும் சேர்ந்தே கரையும். வெள்ளி முலாம் என்றால் அடியில் உள்ள உலோகம் பல்லை இளித்துவிடும். பழைய பதக்கங்கள் பலவற்றின் விளிம்பைச் சுற்றி, பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் உலகப் போருக்காகப் பிரிட்டன் வழங்கிய பதக்கங்களில் இதைக் காணலாம். பதக்கம் இன்னாருடையது என்பதற்கு அதைவிட நல்ல சான்று ஏது? அதை அழித்துவிட்டுப் பளபளப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது! மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். கையுறை அணிந்து எடுங்கள். வியர்வை உப்பு உலோகத்தை அரித்து விரல்ரேகையை அப்படியே பதித்துவிடும்.

அடுத்த எதிரி பசை. ஒட்டிய பதக்கத்தைச் சேதமில்லாமல் எடுப்பது கடினம். நூலால் கட்டுங்கள், அல்லது துருப்பிடிக்காத ஊசியால் பொருத்துங்கள். செலோடேப்பின் பசை மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். கடிதத்தை லேமினேட் செய்வதோ மீளவே முடியாத வேலை. ஸ்கேன் செய்து நகலைப் பெட்டியில் வைத்துவிட்டு, மூலத்தை அமிலமற்ற உறையில் பத்திரப்படுத்துங்கள். பார்ப்பவருக்கு நகல் என்றே தெரியாது, தெரிந்தால்தான் என்ன?

பெட்டியும் குற்றவாளியாகலாம். ஓக் போன்ற மரங்கள் அமில ஆவியை வெளியிடும். கம்பளித் துணியிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். உள்ளே சாயமேற்றாத, துவைத்த பருத்தித் துணியை விரிக்கலாம். பொருள்கள் கண்ணாடியைத் தொடக் கூடாது. அங்கே ஈரம் கோக்கும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டவே வேண்டாம். ரிப்பனில் வெளுத்த நிறம் திரும்பி வராது. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியையே அனுமதிப்பது இதனால்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வெளுப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

கம்பளிச் சீருடையின் மடிப்புகளுக்குள் பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் பெட்டியை மூடாதீர்கள்.

தோட்டாவோ எறிகுண்டோ கிடைத்தால், 'காலியாகத்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய கடிகாரங்களிலும் திசைகாட்டிகளிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. அவற்றைத் திறக்க வேண்டாம்.

வரிசையாகக் கோத்த பதக்கங்களை அழகுக்காக மாற்றி அடுக்குபவர்கள் உண்டு. அந்த வரிசைக்குப் படைகளில் விதிமுறை இருக்கிறது. பிரிப்பதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'எங்கள் வீரத் தாத்தா' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் முழுப் பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், இந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்பதையும் எழுதி, அந்தத் தாளின் இன்னொரு படியைப் பெட்டிக்கு வெளியே வைத்திருங்கள்.