கிராப்பிக்குத் தூண்டிலை மேலே நிறுத்துங்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவில் உறைந்த ஏரியைத் துளைத்து கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்க உட்காருபவர்களில் பலர் தூண்டிலை அடிமண் வரை இறக்கிவிடுகிறார்கள். கோட்டை விடுவது அங்கேதான். நடுக்குளிர்காலத்தில் இந்த மீன் ஆழமான இடத்தில், தரைக்குச் சில அடி மேலே கூட்டமாக நிற்கும். பார்வை மேல்நோக்கியே இருப்பதால் கீழே கிடக்கும் இரையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியில் மீன் தெரிந்தால் அதற்கு ஓரடி மேலே தூண்டிலை நிறுத்தி லேசாக ஆட்டுங்கள், போதும். சில சமயம் நூல் இழுபடாது, தொய்ந்துபோகும். இரையைக் கவ்விக்கொண்டு மீன் மேலே வருகிறது என்று அர்த்தம். அதற்காக வெடுக்கென்று இழுக்காதீர்கள், வாய் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். அப்புறம், தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமாவது இல்லாவிட்டால் ஏரியில் கால் வைக்கவே வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் போனால் நன்றாகக் கடிக்கும்.