வண்டிக்குள் சாம்பிராணி மணந்தால்

மன்னார்குடியில் பழைய வேன்களுக்கு உள்வேலை செய்கிறேன். போன ஐப்பசியில் ஒருவர், கோயில் கோயிலாகக் குடும்பத்தோடு போய் வண்டியிலேயே தங்கலாம் என்று, கட்டிலும் சமையல் மேடையும் வைத்த வேன் ஒன்றை வாங்கி வந்தார். கதவைத் திறந்தால் கமகமவென்று சாம்பிராணி. விற்றவர் பக்திமான் என்று நினைத்திருக்கிறார் பாவம். ஊறிய மரத்தின் நாற்றத்தை அமுக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

பின்கதவு ஓரம் ரெக்சினைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி பிளைவுட்டுக்குள் இறங்கியது. விரலால் இழுத்தால் ஏடு ஏடாக, கறுப்பாக வந்தது. ரெக்சின் மட்டும் புதுசு, ஒரு கறை கிடையாது.

உடனே புதுப் பலகை வாங்க ஓடாதீர்கள். நான் ஒரு காலத்தில் ஓடியவன்தான். அப்போது பலகை மாற்றிக் கொடுத்த வண்டி, கார்த்திகை மழையில் அதே மூலை நனைந்து திரும்பி வந்தது, கூலி வாங்காமல் மறுபடி செய்தேன். ஈரம் தெரிகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடியுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும்: கதவு அடி, ஜன்னல், கடைசியில் கூரை; ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். முதலிலேயே கூரையில் விட்டால் எல்லா இடத்திலும் வழிந்து, எது ஓட்டை என்றே தெரியாது. சாம்பிராணி வண்டியில் நுழைந்தது கூரைமேல் கேரியரைப் பிடிக்கிற போல்ட் வழியாக. உள்சட்டத்தோடு நான்கடி ஓடி மூலையில் சொட்டியது.

போல்ட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் சீலன்ட் (இடுக்கை அடைக்கிற பசை) வையுங்கள். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், வெறும் தகட்டை அரிக்கும்.

பலகையில் ஸ்க்ரூ டிரைவர் இறங்காத இடம்வரை போய், அதற்கு மேலும் அரையடி வெட்டி எடுங்கள். அப்புறம் காயவிட வேண்டும். அடைமழைக் காலத்தில் நம் பக்கம் துணியே காயாது, மரம் எங்கே காயும்? மீதிப் பலகையில் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக வேர்த்தால் இன்னும் காயவில்லை. எனக்குத் தை பிறக்கும்வரை ஆனது.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை (மரைன் பிளைவுட்டுக்கான தர எண்) இருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஆர். (மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட்) ரகத்தையே ‘வாட்டர்ப்ரூஃப் சார்’ என்று தள்ளிவிடுவார்கள். அது காற்றின் ஈரத்தைத்தான் தாங்கும். அறுத்த விளிம்புக்கும் திருகாணித் துளைக்கும் எபாக்சி பிசின் இரண்டு கை பூசுங்கள், தண்ணீர் குடிக்கிற வாய் அதுதான். ரெக்சின் ஒட்டுமுன் இன்னொரு முறை ஹோஸ்.

தளத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், சீலன்ட் கையோடு அவற்றையும் அடைத்துவிடாதீர்கள். இந்த வண்டியில் சேறும் நெல் உமியும் அடைத்திருந்தன. கம்பியை விட்டுக் குத்தியதும் ஒரு சொம்பு கறுப்புத் தண்ணீர் என் காலில் கொட்டியது.