மருத்துவ நூலக பெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா? ஒரே ஒரு தேடலை முழுசாக எழுதி இணையுங்கள்

எம்.எல்.ஐ.எஸ்சி. (நூலக அறிவியல் முதுகலை) முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "பெல்லோஷிப் விண்ணப்பத்தோடு என்னென்ன சேர்த்து அனுப்பணும்?" பயிலரங்கச் சான்றிதழ்களை அடுக்குவதில் பெரிய பலன் இல்லை. ஒரு டாக்டர் உண்மையாகவே கேட்ட கேள்விக்கு மருத்துவக் கட்டுரைகளில் நீங்கள் செய்த தேடலை, இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதி இணைத்தால் அதற்குத்தான் மதிப்பு. என் விண்ணப்பத்தில் அதைத்தான் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்தேன். நேர்காணலில் பெரும்பாலான கேள்விகள் அந்த இரண்டு பக்கத்திலிருந்தே வந்தன.

படி 1: எது உங்களுக்குப் பொருந்தும்?

அமெரிக்காவில் பெதஸ்டாவில் உள்ள தேசிய மருத்துவ நூலகத்தின் அசோசியேட் பெல்லோஷிப்பைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அது அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்காக அமைந்தது. நம் ஊர்ப் பட்டத்தோடு நேரே போய்ச் சேர முடியாது. நமக்குப் பக்கமானது, 1898-இல் தொடங்கிய அமெரிக்க மருத்துவ நூலகச் சங்கத்தின் கன்னிங்ஹாம் நினைவு பன்னாட்டு பெல்லோஷிப். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ நூலகராக இருந்த ஐலீன் கன்னிங்ஹாமின் பெயரில் உள்ளது. அமெரிக்கா, கனடா தவிர்த்த நாடுகளின் நூலகர்களுக்கானது. கால அளவும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை என்பதால் சங்கத்தின் தளத்தில் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இந்தியாவுக்குள் என்றால் மத்திய அரசு நிறுவனங்கள் பல, ஓராண்டு நூலகப் பயிற்சியாளர்களை எடுக்கின்றன. உதவித்தொகை குறைவு, ஆனால் மருத்துவமனையோடு சேர்ந்த நூலகமாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: கேள்வியைப் பிடிப்பது

கேள்வி வார்டிலிருந்து வர வேண்டும். நூலகர் வார்டு ரவுண்டுக்குப் போவது புதிய பழக்கம் இல்லை. மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் கெர்ட்ரூட் லாம்ப் 1971-இலேயே அதைத் தொடங்கிவிட்டார். ஒரு டாக்டரிடம் "இந்த வாரம் பதில் கிடைக்காமல் போன கேள்வி ஏதாவது உண்டா?" என்று கேட்டாலே போதும்.

எனக்குக் கிடைத்தது பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் வருபவருக்கு விஷமுறிவு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் போதுமா, அதிக அளவு வேண்டுமா? இந்தக் கேள்வி நம் ஊருக்குச் சொந்தமானது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏன் இந்தக் கேள்வி என்று தேர்வுக்குழு கேட்டால் பதில் சொல்ல உங்களிடம் இப்படி ஏதாவது இருக்க வேண்டும்.

கேள்வியை பைகோ முறையில் நான்காகப் பிரியுங்கள்: நோயாளி, சிகிச்சை, எதோடு ஒப்பீடு, விளைவு. ஆனால் தேடும்போது முதல் இரண்டை மட்டும் வைத்துத் தேடுங்கள். டயாலிசிஸ், மரணம் போன்ற விளைவுகளைக் கட்டுரைச் சுருக்கத்தில் எல்லோரும் எழுதுவதில்லை. அவற்றையும் சேர்த்தால் நல்ல கட்டுரைகள் கழன்றுவிடும்.

படி 3: பப்மெட்டில் தேடல் (இங்கேதான் நேரம் செலவாகும்)

பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேட தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம். கணக்கு தொடங்குவது, உள்ளே நுழைவது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: கல்லூரி மின்னஞ்சலை வைத்து நுழையாதீர்கள், ஆர்க்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான நிரந்தர அடையாள எண்) வழியாக நுழையுங்கள். வேலை மாறினாலும் சேமித்த தேடல்கள் கையில் இருக்கும்.

மெஷ் என்பது தேசிய மருத்துவ நூலகம் 1960-இலிருந்து பேணிவரும் பொருள்தலைப்புப் பட்டியல். பாம்புக்கடிக்கு அதில் 'ஸ்னேக் பைட்ஸ்', மருந்துக்கு 'ஆன்டிவெனின்ஸ்'. மேல் தலைப்பைப் போட்டால் கீழே உள்ளவை தானாகவே கூட வரும். 'ஸ்னேக் வெனம்ஸ்' என்று போட்டால் விரியன் வகை விஷமும் நாகம், கட்டுவிரியன் வகை விஷமும் உள்ளே வந்துவிடும்.

மெஷ் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் போவது நம் நாட்டுக் கட்டுரைகள்தான். பப்மெட்டில் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் கிடையாது. மெட்லைன் என்ற, தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பில் சேர்ந்தவற்றுக்குத்தான் உண்டு. முழுக் கட்டுரைகளின் இலவசக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரல் வழியாக மட்டும் வந்து சேரும் இதழ்களுக்குப் பெரும்பாலும் இல்லை, நம் நாட்டு இதழ்கள் நிறைய அந்த வழியில்தான் வருகின்றன. சந்தேகம் இருந்தால் உங்களுக்குத் தெரிந்த ஓர் இந்தியக் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து கீழே வரைக்கும் போய்ப் பாருங்கள். மெஷ் சொற்கள் என்ற பகுதியே இல்லையென்றால், உங்கள் மெஷ் தேடலுக்கு அந்தக் கட்டுரை சிக்காது.

அதனால் மெஷ்ஷோடு தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களையும் தேட வேண்டும். 'ஸ்னேக்பைட்' ஒரே சொல்லாகவும் 'ஸ்னேக் பைட்' இரண்டு சொல்லாகவும் எழுதுகிறார்கள், இரண்டையும் போடுங்கள். மருந்துக்கு வெளிநாட்டவர் 'ஆன்டிவெனம்' என்றும் 'ஆன்டிவெனின்' என்றும் எழுத, நம் டாக்டர்கள் 'ஆன்டி ஸ்னேக் வெனம்' என்று எழுதுகிறார்கள். இந்த மூன்றாவதை விட்டுவிட்டால் மதுரையிலோ வேலூரிலோ செய்த ஆய்வு உங்கள் பட்டியலில் வராமல் போக வாய்ப்பு அதிகம்.

நான் மாட்டிக்கொண்டு நின்ற இடம் மேற்கோள் குறி. வெறுமனே தட்டினால் பப்மெட் நம் சொல்லை எடுத்து, பொருத்தமான மெஷ் தலைப்பையும் தானே சேர்த்துக்கொள்ளும். அதே சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டதும் அந்த உதவி நின்றுவிடும். சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டாலும் அப்படித்தான். ஒரே சொல்லுக்கு முதல் முறை ஆயிரக்கணக்கிலும் அடுத்த முறை அதில் பாதியும் வருவதற்கு இதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு: மேற்கோளுக்குள் போட்ட சொற்றொடர் பப்மெட்டின் சொற்றொடர் பட்டியலில் இல்லையென்றால், மேற்கோளைக் கழற்றிவிட்டு பழையபடியே தேடும். மேலே ஒரு வரியில் அதைச் சொல்லவும் செய்யும், ஆனால் நம் கண் எண்ணிக்கைக்குத்தான் போகும்.

இதற்கு வழி, ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் 'அட்வான்ஸ்டு' பக்கத்துக்குப் போவது. அங்கே உங்கள் தேடல் வரிகள் எண் போட்டு நிற்கும். ஒவ்வொன்றின் 'டீட்டெய்ல்ஸ்' அம்புக்குறியைத் தட்டினால், நீங்கள் தட்டியதை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று முழுசாகக் காட்டும். நோயாளிக்கான சொற்களை எல்லாம் 'ஆர்' (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஒரு வரி, மருந்துக்கான சொற்களை எல்லாம் 'ஆர்' போட்டு இன்னொரு வரி, கடைசியில் இரண்டையும் 'ஆண்ட்' (AND, இரண்டும் இருக்க வேண்டும்) போட்டு இணையுங்கள். இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

சரி, தேடல் நன்றாக அமைந்ததா என்று எப்படித் தெரியும்? கேட்ட டாக்டரிடமே கட்டாயம் வரவேண்டிய நாலைந்து கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் முடிவுகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் படியுங்கள், நீங்கள் யோசிக்காத சொல் அதில் இருக்கும்.

படி 4: அன்றைக்கே எழுதி வையுங்கள்

எட்டு மணி நேரம் சும்மா விட்டால் பப்மெட்டின் தேடல் வரலாறு அழிந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். அதே பக்கத்தில் வரலாற்றைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. எந்தத் தளம், எந்தத் தேதி, ஒவ்வொரு வரியும் அப்படியே, ஒவ்வொன்றுக்கும் எத்தனை முடிவு, என்ன வடிகட்டி போட்டீர்கள் என்று எல்லாம் வேண்டும். மெஷ் ஆண்டுதோறும் மாறுவதால் தேதி இல்லாத தேடலைத் திரும்பச் செய்து ஒப்பிட முடியாது. என்ன எழுதுவது என்று குழம்பினால் தேடலை எப்படி எழுதிக் காட்டுவது என்பதற்காக 2021-இல் வந்த பிரிஸ்மா-எஸ் பட்டியலில் 16 அம்சங்கள் இருக்கின்றன, அதன் வரிசையிலேயே எழுதுங்கள்.

கிடைத்த கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்து வைக்க ஜோட்டரோ என்ற மென்பொருள் போதும். இலவசம், வேலை மாறினாலும் கூடவே வரும். அதே வேலைக்கான கட்டண மென்பொருளான எண்ட்நோட்டை உங்கள் கல்லூரியே வாங்கிக் கொடுத்தாலும் நான் ஜோட்டரோவைத்தான் சொல்வேன். கட்டுரைகளைச் சலித்தெடுக்க ரய்யான் என்ற தளம்.

படி 5: இன்னொரு நூலகர் பார்க்கட்டும்

பிரெஸ் என்ற சரிபார்ப்பு முறை இதற்காகவே இருக்கிறது. கேள்வி சரியாக வரிகளாக மாறியிருக்கிறதா, இணைப்புச் சொற்கள் சரியா, தலைப்புகள் விட்டுப்போனதா, எழுத்துப் பிழை உண்டா, தேவையில்லாத வடிகட்டி இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொன்ன திருத்தத்தையும் ஆவணத்திலேயே காட்டுங்கள்.

படி 6: நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதமும்

"அறிவை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். திரும்பி வந்து உங்கள் நூலகத்தில் எந்த வேலை மாறும் என்று எழுதுங்கள். பாம்புக்கடி போன்ற நாலு கேள்விகளுக்குத் தேடலோடு கூடிய ஒரு பக்கக் குறிப்பு அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் என்று எழுதினால் அது திட்டம்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது, கேள்வி கேட்ட டாக்டரிடமிருந்து வரட்டும். கல்லூரி முதல்வரின் கடிதத்தில் உங்கள் நடத்தைதான் இருக்கும், உங்கள் தேடலால் என்ன தெரிய வந்தது என்பதை அந்த டாக்டர்தான் எழுத முடியும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கூடவே தேடல் ஆவணத்தையும் கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: கருத்துப் பகுதியில் ஒரு தோழி, 'ஆன்டி ஸ்னேக் வெனம்' என்பதன் சுருக்கெழுத்தான 'ஏ.எஸ்.வி.'-யைச் சேர்த்ததும் குடல் பாக்டீரியா கட்டுரைகளாக வருகின்றன என்று எழுதியிருந்தார். நுண்ணுயிரி மரபணு ஆய்வில் வேறொன்றுக்கும், தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கான ஒரு கருவிக்கும் அதே சுருக்கெழுத்துதான். அதைத் தனியாக விடாமல் பாம்புக்கடி வரியோடு 'ஆண்ட்' போட்டு இணைத்தால் அந்தக் கூட்டம் விலகிவிடும்.

பின்சேர்க்கை 2: எம்பேஸ் இல்லாமல் தேடல் செல்லுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது பப்மெட் போன்ற இன்னொரு தேடல் தளம், ஆனால் கட்டணத் தளம், எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. அதற்குப் பதிலாக உலக சுகாதார நிறுவனத்தின் குளோபல் இண்டெக்ஸ் மெடிக்கஸில் தேடுங்கள், தென்கிழக்கு ஆசியாவுக்கான இம்சியர் என்ற கட்டுரைத் தொகுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, இலவசம். முழுக் கட்டுரைகளுக்கு, அரசு நிறுவனமாக இருந்தால் 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது. தனியார் கல்லூரியாக இருந்தால் கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், பலர் அனுப்பி வைக்கிறார்கள். எம்பேஸ் கிடைக்கவில்லை என்பதை ஆவணத்தின் வரம்புகள் பகுதியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.